ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திட்டும் முன் காகிதத்தைப் பாருங்கள்

நாகப்பட்டினம், காரைக்கால், வேளாங்கண்ணி வட்டாரத்தில் நகல் எடுக்கும் இயந்திரங்களையும் லேசர் பிரிண்டர்களையும் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. ஐப்பசி பிறந்துவிட்டால் என் கைபேசி ஓயாது. தாள் சிக்கிக்கொள்கிறது, எழுத்து மங்கலாக விழுகிறது, வெளியே வரும்போதே சுருண்டுகொண்டு வருகிறது என்று ஆளாளுக்கு ஒரு புகார். போனதும் நான் ஸ்குரூடிரைவரை எடுப்பதில்லை. டிரேயை இழுத்து, மேல் தாளின் ஒரு மூலையைப் பிடித்துக் காதருகே உதறுவேன். நல்ல தாள் சடசடக்கும். சத்தமே இல்லாமல் தொய்ந்து வளைந்தால் காகிதம் நமுத்துவிட்டது. இயந்திரத்தின் மேல் பழி போட ஒன்றுமில்லை.

பெரும்பாலான அலுவலகங்களில் காகிதம் வாங்குபவர் ஒருவர், அதை டிரேயில் போடுபவர் வேறொருவர். வாங்குபவர் மூன்று கொட்டேஷன்களை ஒப்பிட்டுக் குறைந்த விலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். சிக்கிய தாளை இழுத்து அவர் விரலில் மை ஒட்டியதே இல்லை. போடுபவரோ கொடுத்ததைப் போடுகிறார். எதை வாங்கலாம் என்று அவரை யாரும் கேட்பதில்லை. இருவரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வாங்கும்போது

உறையில் 70, 75, 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். ஏ வரிசையின் பெரிய தாளான ஏ0வின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதி பாதியாக நான்கு முறை வெட்டினால் 16 ஏ4 தாள்கள் கிடைக்கும். ஆகவே கட்டிலிருந்து 16 ஏ4 தாள்களை எண்ணி எடுத்து, சமையலறையில் பயன்படுத்தும் மின்னணுத் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் ஜிஎஸ்எம். கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை. ஒன்றிரண்டு கிராம் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். 80 என்று அச்சிட்ட கட்டில் 72 கிராம் காட்டினால் விற்றவரைக் கூப்பிடுங்கள்.

முழு ரீமையும் நிறுத்துப் பார்க்கலாம். ஏ4 தாள் 500 கொண்ட ரீம், 80 ஜிஎஸ்எம் என்றால் ஏறத்தாழ 2.5 கிலோ, 75 என்றால் 2.34 கிலோ, 70 என்றால் 2.18 கிலோ. உறையின் எடையைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 16 தாளின் எடை சரியாக இருந்து ரீமின் எடை மட்டும் குறைந்தால், எண்ணிக்கையில் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். மழைக்காலத்தில் மட்டும் தராசை முழுதாக நம்ப வேண்டாம். ஈரம் குடித்த காகிதம் கனக்கும். 2 சதவீதம் ஈரம் ஏறினால் 2.5 கிலோ ரீம் 50 கிராம் கூடக் காட்டும். 78 ஜிஎஸ்எம் காகிதம் 80 என்று வேஷம் போடும் காலம் அது.

எந்த எடையை வாங்குவது? ஒருபக்கம் மட்டும் அச்சிட்டுக் கோப்பில் வைக்கும் தாளுக்கு 70 போதும். அன்றாட அலுவலகத்துக்கு 75. இருபக்கமும் அச்சிடுவதாக இருந்தால் 80 வாங்குங்கள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிவதோடு, முதல் பக்கச் சூட்டில் வளைந்த தாள் இரண்டாம் சுற்றுக்குத் திரும்பும்போது சிக்கும் வாய்ப்பும் அதிகம். நான் பார்த்தவரை, 70ஐ வாங்கி மிச்சம் பிடித்த காசை இருபக்க அச்சில் வீணான தாள்களே தின்றுவிடுகின்றன. சான்றிதழ் போன்றவற்றுக்கு 100. அதற்கு மேல் போகும்போது, உங்கள் இயந்திரம் எதுவரை தாங்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். டிரே தாங்கும் எடையும் பக்கவாட்டில் ஒவ்வொன்றாகச் செருகும் வழி தாங்கும் எடையும் பெரும்பாலும் வேறு வேறு.

எடையை விட எனக்கு முக்கியமாகப் படுவது வெட்டு. ஏ4 என்றால் 210 மில்லிமீட்டருக்கு 297 மில்லிமீட்டர். மலிவான கட்டுகளில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டியிருப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கோணலாக வெட்டியதைப் பொறுக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இருபது தாள்களை எடுத்து, அதில் பாதியை மட்டும் குப்புறக் கவிழ்த்து, மீதியின் மேல் வைத்து, இரண்டு பக்கங்களைச் சேர்த்து மேசையில் தட்டுங்கள். மற்ற இரண்டு பக்கங்களும் ஒட்டி நின்றால் வெட்டு சதுரமானது. ஓரத்தில் கத்தரிபோல் விலகி நின்றால் அந்தக் காகிதம் இயந்திரத்தில் சாய்ந்துதான் போகும். நீங்கள் எத்தனை முறை டிரேயைச் சரிசெய்தாலும் வரிகள் சாய்ந்தே விழும்.

பிறகு தூசி. கட்டின் ஓரத்தைக் கறுப்புத் துணியின் மேல் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் வெட்டிய கத்தி மழுங்கியது. அந்தப் பொடி தாளை இழுக்கும் ரப்பர் ரோலரில் படிந்து அதை வழவழப்பாக்கிவிடும். தாளே எடுக்காத இயந்திரங்களில் பாதிக்கு மருந்து, கொஞ்சம் தண்ணீர் தொட்ட நூல் பிரியாத துணியால் அந்த ரோலரைத் துடைப்பதுதான். தூசி உள்ளே போய், அச்சாக வேண்டிய உருவம் முதலில் பதியும் உருளையான டிரம்மில் ஏறினால் செலவு பெரிது.

இன்னொரு வில்லங்கம் மேப்லித்தோ. ஆப்செட் அச்சுக்கான காகிதம் அது. அந்த வேலைக்கு அருமையானது. அதை ஏ4 அளவில் வெட்டி, வெள்ளை உறையில் கட்டி, ஜெராக்ஸ் காகிதம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆப்செட் இயந்திரத்தில் சூடு கிடையாது. அதனால் அந்தக் காகிதத்தில் ஈரம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அங்கே குறையில்லை. நகல் இயந்திரத்தின் சூட்டில் போட்டால் சுருண்டுகொள்ளும். உறையில் ஆலையின் பெயரே இல்லாத கட்டை நான் தொடுவதில்லை. கொட்டேஷன் கேட்டு எழுதும் கடிதத்தில் "ஐஎஸ் 14490 தரத்தில் நகல் காகிதம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் சாதாரண நகல் காகிதத்துக்கென்றே வைத்திருக்கும் தரம் அது. அந்த ஒரு வரிக்கே பலர் ஒதுங்கிக்கொள்வார்கள்.

கரும்புச் சக்கையில் செய்த காகிதம் மட்டம் என்று ஒரு பேச்சு அலுவலகங்களில் உலவுகிறது. கரூர் மாவட்டம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டதே சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்யத்தான். சக்கையின் நார் குட்டையானது, உண்மை; அதற்காக மரக்கூழையும் கலந்து வலு சேர்க்கிறார்கள். நன்றாக வெட்டி, நன்றாக உறையிட்டு வந்தால் எந்த மூலப்பொருள் என்பதை இயந்திரம் கேட்பதில்லை.

வெண்மையைப் பற்றியும் அதிகம் மயங்க வேண்டாம். கண்ணைப் பறிக்கும் நீல வெண்மை பெரும்பாலும் ஒளியூட்டும் வேதிப்பொருளின் வேலை. வெயில் படும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அந்தப் பளபளப்பு முதலில் போய் மஞ்சளாகும். ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டிய பதிவேடுகளுக்கு அமிலமற்ற காகிதம் என்று உறையில் குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். பளபளப்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

நீளத் தாள் வாங்கும் அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. லீகல் என்பது 216க்கு 356 மில்லிமீட்டர். நம் கடைகளில் எஃப்எஸ் (ஃபுல்ஸ்கேப்) என்று கேட்டால் கிடைப்பது அதைவிடச் சற்றுக் குட்டை. பெரும்பாலும் 215க்கு 345. இரண்டையும் ஒன்றென்று நினைத்து டிரேயில் லீகல் என்று அமைத்தால், தாள் எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டதாக இயந்திரம் கருதி நின்றுவிடும். அளவுகோலால் அளந்து, அந்த அளவையே அமைப்பில் கொடுங்கள். கணினியில் லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவு இருந்து டிரேயில் ஏ4 இருந்தாலும் இதே கதைதான்: டிரே நிறையக் காகிதம் இருக்கும், இயந்திரம் காகிதம் இல்லை என்று அடம்பிடிக்கும். புதுக் கணினி வந்ததும் பிரிண்டர் அமைப்பில் ஏ4 என்று மாற்றுவது முதல் வேலையாக இருக்கட்டும்.

ஈரம்

எங்கள் கடற்கரை ஊர்களில் பிரச்சினையின் வேர் இதுதான். உறையைப் பிரிக்காத நல்ல நகல் காகிதத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் ஈரம் இருக்கும். அது இருக்கவும் வேண்டும்; இல்லாவிட்டால் தாள் முறுகி, நிலைமின்சாரம் ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காகிதத்துக்குப் பிடித்த காற்று 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் கொண்டது. வடகிழக்குப் பருவமழையின்போது நாகையில் காற்றின் ஈரப்பதம் 80ஐத் தாண்டுவது சாதாரணம். பிரித்துப் போட்ட கட்டு அந்தக் காற்றை ஓரங்கள் வழியே குடிக்கும். ஓரம் விரியும், நடு விரியாது. கட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் ஓரம் அலை அலையாகத் தெரியும். அந்த அலையைப் பார்த்துவிட்டால் அந்தக் கட்டை இருபக்க அச்சுக்குப் போடாதீர்கள்.

நமுத்த காகிதம் ஏன் மங்கலாக அச்சாகிறது? நகல் இயந்திரம் நிலைமின்சாரத்தால் வேலை செய்வது. 1938இல் அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் முதல் நகலை எடுத்தபோதும் அடிப்படை இதுதான், இன்றும் இதுதான். டிரம்மில் இருக்கும் டோனர் பொடியை, தாளின் பின்புறம் கொடுக்கும் மின்னூட்டம் தாள்மேல் இழுக்கிறது. ஈரத் தாளில் அந்த மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். பொடி பாதி தாளுக்கு வரும், பாதி டிரம்மிலேயே தங்கும். திட்டுத் திட்டாக வெளுத்த அச்சு விழும். உடனே டோனர் தீர்ந்துவிட்டது என்று புதுக் குப்பியை வாங்கி மாட்டுகிறார்கள். அதற்குமுன் உறை பிரிக்காத புது ரீமிலிருந்து பத்து தாளைப் போட்டுப் பாருங்கள். அச்சு தெளிவாக வந்தால் பழி டோனர்மேல் இல்லை.

சுருளுக்கும் இதுவே காரணம். டோனரை உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. அதன் நடுவே தாள் நுழையும்போது ஒரு பக்கத்து ஈரம் சட்டென்று ஆவியாகும், மறுபக்கத்தது தங்கும். காகித நார் ஈரத்தில் குறுக்கே பருக்கும், நீளவாக்கில் அதிகம் மாறாது. ஆகவே தாள் நார் ஓடும் திசையை நடுத்தண்டுபோல் வைத்துச் சுருளும். மழைநாளில் தாள் வெளிவரும் வாயில் ஆவி எழுவதைப் பார்த்துப் புகை என்று பயந்து மெயின் சுவிட்சை அணைத்தவர்களை எனக்குத் தெரியும். ரப்பர் கருகிய நாற்றம் இல்லாமல், வெள்ளையாக எழுந்து மறைந்தால் அது காகிதத்தின் ஈரம்தான்.

இனி சேமிப்பு. அட்டைப்பெட்டியைச் சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள்; பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ரீமைப் படுக்கவைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் வளையும், வளைந்தது நிமிராது. ஐந்தாறு பெட்டிக்கு மேல் அடுக்கினால் அடிப்பெட்டியின் தாள்கள் ஓரத்தில் நசுங்கும். ரீமின் உறை வெறும் விளம்பரத்தாள் அல்ல. உள்ளே பிளாஸ்டிக் பூச்சோடு ஈரத்தைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. நான் போகும் அலுவலகங்களில் பத்து ரீமையும் ஒரே நாளில் பிரித்து அலமாரியில் அழகாக அடுக்கிவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், காகிதம் பாழாகும். தேவைக்கு ஒன்றைப் பிரியுங்கள். பாதி மீந்தால் உறையை மடித்து மூடி வையுங்கள். மாலையில் இயந்திரத்தை அணைக்கும்போது டிரேயில் கிடக்கும் தாளையும் எடுத்து உறைக்குள் போட்டால் மறுநாள் காலைச் சிக்கல் பாதி தீர்ந்தது.

அரசு அலுவலகங்களில் மார்ச் மாதம் ஒதுக்கீடு கைநழுவிப் போய்விடுமே என்று ஆண்டுக்கான காகிதத்தை ஒரே லாரியில் இறக்கிக்கொள்வார்கள். அது ஐப்பசி வரை கிடந்து நமுக்கும். பணத்தை ஒரே பில்லில் கொடுத்தாக வேண்டியிருந்தாலும், காகிதத்தை மூன்று தவணையாக இறக்கித்தரச் சொல்லி விற்பவரிடம் எழுதி வாங்க முடியுமா என்று பாருங்கள். கிடங்கு அவருடையது, கவலையும் அவருடையதாக இருக்கட்டும்.

பெரிய நகல் இயந்திரங்கள் பலவற்றில் டிரேக்கு அடியில் ஒரு சிறிய ஹீட்டர் உண்டு. காகிதத்தை உலர்வாக வைப்பதற்கென்றே வைத்தது. அதற்குத் தனி சுவிட்ச் இருக்கும், பெரும்பாலும் பின்புறமோ முன்கதவுக்குள்ளோ. இயந்திரத்தை அணைத்திருந்தாலும் பிளக்கில் மின்சாரம் இருந்தால் அது வேலை செய்யும். நம் அலுவலகங்களிலோ சிக்கனம் என்று இரவில் சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறார்கள். ஹீட்டர் தேவைப்படும் நேரமே அதுதான். மழைக்காலம் முடியும்வரை சுவர் சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும். எங்கள் ஊரைப் பொறுத்தவரை ஐப்பசி முதல் தை வரை. சில அலுவலகங்களில் அலமாரிக்குள் குண்டு பல்பை எரியவிடும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. காகிதத்துக்கு நடுவே சூடான பல்பு வேண்டவே வேண்டாம்.

ஏசி அறைக்கு வேறு விதி. வெப்பமான கிடங்கிலிருந்து கொண்டுவந்த ரீமை உடனே பிரிக்காமல், உறையோடு ஒரு நாள் அந்த அறையிலேயே வையுங்கள். காகிதமும் அறையும் ஒரே வெப்பத்துக்கு வந்தபின் பிரித்தால் ஓரம் அலையாது. தலைகீழாக, இரவெல்லாம் ஏசி ஓடிய அறையிலிருந்து குளிர்ந்த ரீமை எடுத்து வெளி வராந்தாவில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் தாள்மேல் வியர்த்துவிடும்.

டிரேயில் போடும்போது

உறையைக் கத்தியால் கிழிக்காதீர்கள். மேலே நான்கு தாளில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கீறல் விழுந்த தாள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இரண்டாகப் போகும். மடிப்பில் விரலை விட்டுப் பிரித்தால் போதும். உறையின் பசை பட்ட மேல் தாளும் அடித் தாளும் இருந்தால் அவற்றை ஒதுக்கிக் குறிப்பெழுத வைத்துக்கொள்ளுங்கள். உறையின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். எந்தப் பக்கம் முதலில் அச்சாக வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் இயந்திரம் தாளின் மேற்பக்கத்தில் அச்சிடுகிறதா அடிப்பக்கத்திலா என்பதை அறிய, மேல் தாளின் மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். அதைத் தெரிந்துகொண்டு அம்பு அந்தப் பக்கம் பார்க்குமாறு வையுங்கள்.

விசிறுவதா வேண்டாமா என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. சில கையேடுகள் விசிறு என்கின்றன, சில விசிறாதே என்கின்றன. என் வழி இது: புதிதாகப் பிரித்த நல்ல ரீமை அப்படியே வைப்பேன். பிரித்து நாளான தாள், மறுபக்கம் அச்சிட எடுத்த தாள், ஏசி அறையில் ஒட்டிக்கொண்ட தாள் ஆகியவற்றை இருமுனையிலும் வளைத்து விசிறி, நான்கு ஓரங்களையும் மேசையில் தட்டிச் சீராக்கித்தான் வைப்பேன்.

டிரேயின் பக்கச் சுவரில் ஒரு கோடு இருக்கிறது. அதுவரைதான் காகிதம். அதற்கு மேல் திணிக்கும் பத்துத் தாளில் மிச்சமாகும் நேரத்தைவிட, சிக்கியதை எடுக்கும் நேரம் அதிகம். பக்கத் தடுப்புகள் தாளைத் தொட வேண்டும், நெருக்கக் கூடாது. நெருக்கினால் நடு உப்பும், விட்டால் சாயும். பின்தடுப்பையும் மறக்காதீர்கள். மூலைகளில் சிறிய உலோகக் கவ்விகள் இருந்தால் தாள் அவற்றுக்கு அடியில் போக வேண்டும். பழைய தாள் மிச்சம் இருக்கும்போது அதன் மேலேயே புதியதைக் கொட்டினால், அடியில் கிடப்பது மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து நமுக்கும். மிச்சத்தை எடுத்துப் புதியதன் மேல் வையுங்கள்.

தாள் ஒரே பக்கமாகச் சுருண்டு வந்தால் முதலில் செய்ய வேண்டியது, டிரேயில் உள்ள கட்டை அப்படியே கவிழ்த்து வைப்பது. பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் காகித வகை அமைப்பைப் பாருங்கள். மெல்லிய தாளைப் போட்டுவிட்டுத் தடித்த தாள் என்று அமைத்திருந்தால் ஃபியூசர் தேவைக்கு மேல் சுடும், தாள் சுருளும். தடித்த தாளுக்குச் சாதாரணம் என்று விட்டிருந்தால் சூடு போதாது. நகத்தால் சுரண்டினால் எழுத்து உதிரும்.

ஒதுக்க வேண்டியவையும் கவனமாகப் போட வேண்டியவையும்

முத்திரைத்தாள் எங்கள் வட்டாரத்தில் அன்றாடப் பொருள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தர் அதைப் போடும் விதத்தை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பதுண்டு. முதல்நாளே முத்திரைத்தாளைக் கனமான பதிவேட்டுக்குள் வைத்து நிமிர்த்திவிடுவார். அதே அளவு சாதாரண நீளத் தாளில் பத்திரத்தின் முதல் பக்கத்தை அச்சிட்டு, முத்திரைத்தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முதல் வரி முத்திரைக்குக் கீழே எத்தனை விரல் தள்ளி விழுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு டிரேயைத் தொடாமல், பக்கவாட்டு வழியில் ஒவ்வொன்றாகச் செருகி, பின்கதவைத் திறந்துவைத்துத் தாள் வளையாமல் நேராக வெளியே வரச் செய்வார். உதவிக்கு நிற்கும் பையனிடம், "தம்பி, அடுத்ததை நான் சொல்லும்வரை செருகாதே" என்பார் ஒவ்வொரு முறையும். கெட்டுப்போன முத்திரைத்தாளுக்குப் பணம் திரும்பப் பெற 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த அலைச்சலுக்கு இந்தப் பொறுமை மேல்.

அச்சகத்தில் அடித்த கடிதத்தாள்களில் இரண்டைக் கவனியுங்கள். மை முழுதாக உலர ஒரு வாரமாவது விடுங்கள். உலராத மை ஃபியூசரில் ஒட்டி அடுத்த தாள்களில் மங்கலான நிழலாக விழும். மை பக்கத்துத் தாளில் ஒட்டாமலிருக்க அச்சகத்தில் மெல்லிய தூள் தூவுவார்கள். அதை உதறிவிட்டுப் போடுங்கள். எழுத்து புடைத்து நிற்கும் கடிதத்தாள் லேசர் இயந்திரத்துக்கு ஆகவே ஆகாது, அந்தப் புடைப்பு சூட்டில் உருகும்.

இன்க்ஜெட்டுக்கான பளபளப்புப் புகைப்படத் தாளும், லேசருக்கு என்று குறிப்பிடாத பிளாஸ்டிக் தாளும் ஃபியூசரில் உருகிச் சுற்றிக்கொள்ளும். அந்தச் செலவில் சிறிய பிரிண்டர் ஒன்றே வாங்கிவிடலாம். சில லேபிள்களை உரித்துவிட்டு மீதியுள்ள லேபிள் தாளை மறுபடி போடாதீர்கள். பசை வெளியே தெரிகிறது அல்லவா, அது ரோலருக்குப் போகும். கடை பில்போல் சூட்டில் கறுக்கும் தாளை உள்ளே செலுத்துவது வீண். அதைக் கண்ணாடிமேல் வைத்து நகல் எடுத்து, நகலைக் கோப்பில் வையுங்கள். அசல் சில மாதங்களில் வெளுத்துவிடும்.

ஒருபக்கம் அச்சிட்ட தாளை மறுபக்கம் பயன்படுத்தும் சிக்கனம் நல்லதுதான், நான் எதிரி அல்ல. ஆனால் அதில் ஸ்டேப்ளர் பின் ஒன்று தப்பிவிட்டால் டிரம்மில் கீறல் விழும். பிறகு எடுக்கும் ஒவ்வொரு நகலிலும் அதே இடத்தில் ஒரு கறுப்புக் கோடு வரும். ஏற்கெனவே ஒட்டிய டோனரும் இரண்டாம் முறை சூட்டில் இளகும். அவற்றுக்குப் பழைய பிரிண்டர் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நாலாக வெட்டிக் குறிப்பேடு தைத்துக்கொள்ளுங்கள்.

அச்சான தாளைப் பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்தால் சில மாதங்களில் எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பத்திர நகல்களைப் பாலிபுரொப்பிலீன் உறையில் வையுங்கள், அல்லது வெறும் காகித உறையிலேயே வையுங்கள்.

சிக்கிக்கொண்டால்

கதவைத் திறந்து, தாள் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில், இரண்டு கையாலும் சமமாக, மெதுவாக இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் சிறு பற்சக்கரங்களும் உணர்வி நெம்புகோல்களும் உடையும். ஃபியூசர் பக்கம் சிக்கியிருந்தால் கால்மணி நேரம் ஆறவிடுங்கள். தாள் கிழிந்துவிட்டால் துண்டுகளை மேசைமேல் சேர்த்து வைத்து முழுத் தாளாகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை குறைந்தால் அது உள்ளேதான் இருக்கிறது. கத்தி, கத்தரி, ஸ்கேல் எதையும் உள்ளே விடாதீர்கள். பச்சை, நீல நிறத்தில் பளபளக்கும் டிரம்மை விரலால் தொடாதீர்கள், வெளிச்சத்திலும் நெடுநேரம் விடாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் மறுபடி மறுபடி ஒரே இடத்தில் சிக்கினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது சிக்கிய தாளைக் கசக்கி எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். விசிறிமடிப்பாக மடிந்த முன்முனை, ஒரே மூலையில் கிழிசல், நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு என்று ஒவ்வொன்றும் எந்த ரோலரில் தவறு என்று எங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். காகிதக் கட்டின் உறையையும் பக்கத்தில் வைத்திருங்கள். நான் வந்ததும் கேட்கும் முதல் பொருள் அதுதான்.